முந்நூறில் நின்ற சைட்

தோட்டா நேராகப் போகும் என்று நம்புகிறவர்கள் சினிமாவில் துப்பாக்கி பார்த்தவர்கள். குழலை விட்டதுமே அது இறங்கத் தொடங்கிவிடும். அதனால் தொலைவு கூடக் கூடக் குழலைச் சற்றுத் தூக்கிச் சுட வேண்டும். குழல் மேல் குறிபார்க்க உதவும் பின்சைட்டில் நூறு, இருநூறு, முந்நூறு மீட்டர் என்று எண்கள் இருப்பது அதற்குத்தான். முந்நூறில் வைத்து நூறு மீட்டரில் சுட்டால், குறிபார்த்த இடத்துக்கு ஏறக்குறைய ஒரு சாண் மேலே படும். சிறைக் காவலர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அப்படிப்பட்ட நான்தான் கோட்டை விட்டேன். ஆயுத அறை என் பொறுப்பு. ஆண்டுப் போட்டிக்காக ஒரு துப்பாக்கியை முந்நூறில் வைத்தேன். முடிந்ததும் துடைத்து மாட்டினேன், சைட்டை மறந்தேன். மறுநாள் மதில் காவலுக்கு அதை வாங்கிப் போனவன் என் கொழுந்தன். தப்பி ஓடிய கைதியின் தொடையைக் குறிபார்த்திருக்கிறான். தோட்டா இடுப்பெலும்பை உடைத்தது. துப்பாக்கி திரும்பி வந்தபோது, பழக்கதோஷத்தில் என் கை சைட்டை நூறுக்குத் தள்ளியது. தள்ளிய பிறகுதான் அது முந்நூறில் நின்றிருந்தது உறைத்தது.

பன்னிரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. பதினேழு வருட வேலை போய்விடும் என்று பயந்தேன், வேறென்ன. அதே வீட்டில் அவன் சாப்பிடாமல் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆயுத அறைப் பொறுப்பாளர் என்று விசாரணைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அதிகாரி அவனிடம் கேட்டார். "போட்டியில மெடல் வாங்கின ஆளு நீங்க. நூறு மீட்டர்ல ஒரு சாண் தப்புமா?"

"தப்பாது சார்."

"அப்போ இடுப்பைத்தான் பார்த்தீங்களா?"

"அப்படித்தான் இருக்கும் போல சார்."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. "இல்ல சார். சைட் முந்நூறுல இருந்துச்சு. நான்தான் மாத்தாம விட்டேன். அப்புறம் நூறுக்குத் தள்ளினதும் நான்தான்."

"கொழுந்தனுக்காகச் சொல்றீங்களா?"

"மைதானத்துக்கு வாங்க சார். நீங்களே பாருங்க."

அட்டையில் ஆள் உருவம் வரைந்தேன். அதே துப்பாக்கியை முந்நூறில் வைத்து, நூறு மீட்டரிலிருந்து தொடையைப் பார்த்து மூன்று தடவை சுடும்படி ஒரு காவலரிடம் சொன்னேன். மூன்றும் இடுப்பில் விழுந்தன. அதிகாரி என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கொழுந்தன் அந்த ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அவன் ஓடும்போது எனக்கு ரொம்பக் கோபம். அதான் கொல்லத்தான் பார்த்தேனோன்னு... பன்னிரண்டு நாளா என்னையே நான் நம்பல. தெரிஞ்சும் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டீங்களே."

நான் அழுதேன். அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனான்.