இரண்டு விரல் கோணல்

செல்லத்துரை பகலில் மட்டும்தான் பழிவாங்கினான். டாக்ஸி அவன் கையில் இருந்தது பகலில் மட்டும்தான். ராத்திரி அதே டாக்ஸியில் உட்கார்ந்து சுடலை பழிவாங்கினான்.

வண்டி ஒன்றுதான். மேலே மஞ்சளும் கீழே கறுப்புமான ஃபியட். சொந்தக்காரர் ரோஷன் சேட் என்ற பார்சிக்காரர்; பம்பாய் மாட்டுங்காவில் வீடு. ராத்திரி ஓட்டுகிற சுடலை, செல்லத்துரையின் தங்கை மாடத்தியைக் கட்டியவன். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே செல்லத்துரைதான். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் தன் நெற்றியில் தானே ஒன்று போட்டுக்கொள்வான்.

பகை காதில் தொடங்கியது. மாடத்தியின் மகள் தங்கத்தாய்க்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறொருவன் மடியில் பிள்ளையை வைத்தால், அவன் இருந்தும் செத்த கணக்கு. அன்றைக்குப் பார்த்து ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு ஏறி, பம்பாய்க்கு வெளியே கல்யாண் ஊருக்கு விடச் சொன்னது. நல்ல சவாரி, விட மனசில்லை. திரும்பும்போது ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு தாராவிச் சந்துக்குள் அவன் ஓடி வந்தபோது, பிள்ளை மளிகைக்கடை பிரம்மநாயகத்தின் மடியில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. ஆசாரியின் கை காதில் இருந்தது.

செல்லத்துரை வாசலோடு திரும்பினான். தட்டும் திரும்பியது. சுடலை சந்து முனைவரை கூப்பிட்டபடி பின்னால் ஓடி வந்தானாம். செல்லத்துரைக்குக் கேட்கவில்லை. கேட்காத வேகத்தில் நடந்தான்.

அன்றோடு பேச்சு நின்றது. ஆண்டாப் ஹில்லில் தன் வீட்டுக்கும் ஒரு சட்டம் போட்டான்: அந்த வீட்டுப் பேச்சை யார் எடுத்தாலும் சோற்றுத் தட்டு தெருவுக்குப் பறக்கும். மனைவி கனகவள்ளிக்குத் தட்டுகள் மேல் பிரியம். அவள் எடுக்கவில்லை.

பிறகு ஒரு காலையில், சயான் பெட்ரோல் பம்பில் சுடலை விட்டுப்போன வண்டியை எடுத்தால், ஸ்டியரிங் கோணி நிற்கிறது. வண்டி நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்துப் பிடிக்க வேண்டும். ராத்திரி எங்கேயோ ஃபுட்பாத்தில் ஏற்றியிருக்கிறான். அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சே இல்லாதவன் எப்படிச் சொல்வான் என்ற நியாயம் செல்லத்துரைக்குத் தோன்றத்தான் செய்தது. அதை அமுக்கிவிட்டு, வேண்டுமென்றே செய்தது என்று முடிவு கட்டினான்.

அன்று முதல் சவாரியாக ஏறிய மாட்டுங்கா ஆபீஸ்காரர் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நாம கோட்டை ஆபீசுக்குத்தானே போறோம்? ஒன் ஸ்டியரிங் கடலைப் பார்த்துண்டு இருக்கே!"

ரத்தம் கொதித்தது. சாயங்காலம் சாவி கை மாறுவதற்கு முன்னால், ஹார்ன் பட்டனைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, ஸ்டியரிங்கை உருவி, தண்டில் நாலு பல் தள்ளி வலப்பக்கம் கோணலாக மாட்டி வைத்தான். ராத்திரி பூரா கையை முறுக்கிக்கொண்டு ஓட்டட்டும். மறுநாள் காலையில் அது இடப்பக்கம் இன்னும் மோசமாகக் கோணி இவனை வரவேற்றது.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. செல்லத்துரையின் வலது தோள் கழன்றுவிடும் போல வலித்தது. பழிவாங்குகிறவனுக்குத்தான் முதலில் தைலம் தேவைப்படும் என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. தேய்த்துவிட்ட கனகவள்ளியிடம் சவாரி அதிகம் என்றான்.

கடைசியில் ரோஷன் சேட் ஒரு கல்யாணத்துக்குத் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போய், மண்டபத்து வாசல் தூணை மயிரிழையில் தப்பவிட்டுத் திரும்பி வந்தார். வழக்கமான மெக்கானிக் ஜகந்நாதன் ஸ்டியரிங்கை அதன் பழைய பல்லிலேயே மாட்டினான். "மேலே ஒண்ணும் இல்லை சேட். கோளாறு கீழே. சக்கரத்தைத் திருப்புகிற டை ராடைச் சரிபண்ணினால் போதும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, யாரோ சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேட் இருவரையும் தன் வீட்டு வாசலுக்கு வரவழைத்தார். தீர்ப்பு பம்பாய் இந்தியில் வந்தது. ஃபுட்பாத்தில் அடித்தவன் ராத்திரி டிரைவர். அவனே சரிசெய்ய வேண்டும். இன்றைக்கு ஸ்டியரிங் நேராகவில்லை என்றால் நாளை முதல் ராத்திரிக்கு வேறு ஆள்.

செல்லத்துரைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் அது ஒற்றை ஆள் வேலை இல்லை. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, ஒருவன் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை நடுவில் அசையாமல் பிடிக்க வேண்டும்; இன்னொருவன் வண்டிக்கடியில் படுத்து டை ராடைத் திருகி நட்டை இறுக்க வேண்டும். மேலே எப்படிப் பிடித்திருக்கிறதோ அப்படியே நிலைத்துவிடும். கீழே படுத்திருப்பவனுக்கு மேலே நடப்பது தெரியாது.

சுடலை சாக்கை விரித்து, ஸ்பேனரோடு அடியில் புகுந்தான். செல்லத்துரை ஏறி உட்கார்ந்தான். சேட் முன்சக்கரங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேட், உஸ்கோ போலோ, ஸ்டியரிங் சீதா பகட்னேகா" என்று, நேராகப் பிடிக்கச் சொன்னது கீழிருந்து குரல்.

"சீதா பகடோ" என்று சேட் மேலே அனுப்பினார்.

"போலோ சேட், நான் நேராத்தான் இருக்கேன். கோணல் எவன்னு ஊருக்கே தெரியும்" என்றான் செல்லத்துரை.

"க்யா போலா?" சேட்டுக்குத் தமிழ் தெரியாது.

"சீதா ஹை சேட்" என்றான் செல்லத்துரை. சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கை இரண்டு விரல் இடப்பக்கம் திருப்பிப் பிடித்தான்.

இவ்வளவு சுலபமாக ஒரு பழி கைக்குள் வந்து உட்காரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. சுடலை தன் கையாலேயே இறுக்குவான். சேட் ஓட்டிப் பார்ப்பார். சோலி முடிந்தது. மாடத்தி வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அன்றைக்கு அவளும்தானே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று அதன் தலையில் ஒரு குட்டு வைத்தான்.

கீழே சுடலை வண்டியோடு பேச ஆரம்பித்தான்.

"ஏ வண்டி, ஒனக்கு ரெண்டு பக்கமும் சரியா இருக்கணுமாம்லா! எம் பிள்ளைக்கு இல்லாத கொடுப்பினை ஒனக்கு மட்டும் எதுக்கு?"

செல்லத்துரை ஹார்ன் பட்டனைப் பார்த்துச் சொன்னான்: "கேட்டியா, மளிகைக்கடைக்காரன் மடியில பிள்ளையத் தூக்கி வச்சவன் பேசுத பேச்ச!"

"வச்சேன்தான். நேரம் போவுதுன்னு ஆசாரி கெடந்து குதிச்சாரு, வச்சேன். ஒரு காது குத்தி முடிக்கல, வாசல்ல ஒருத்தன் வந்தான், மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டான். அவன் தங்கச்சி என்ன செஞ்சா தெரியுமா வண்டி? பிள்ளைய வெடுக்குன்னு புடுங்கிட்டா. மறு காது எங்கண்ணன் மடியிலதான், அதுவரைக்கும் எவனும் ஊசியத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வரப்படாதுன்னுட்டா. இன்னைக்கு வரைக்கும் ஒத்தக் கம்மல். சந்து பூரா எம் பிள்ளையப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்ல, ஒத்தக்கம்மலுங்கானுவ. என்னைய ஒத்தக்கம்மல் அப்பன்ங்கானுவ. அந்தக் கடுப்புலதான் பிரேக்குக்குப் பதிலா ஃபுட்பாத்த மிதிச்சேன்."

செல்லத்துரை மட்டும்தான் இதைக் கேட்டதில்லை. ஊர் பூராவுக்கும் தெரிந்த சேதி. சோற்றுத் தட்டைக் காட்டி அவனே வெளியில் நிறுத்திவைத்திருக்கிறான்.

"சேட்" என்றான், "உஸ்கோ பூச்சோ, எந்தக் காது? கௌன்சா கான்?"

"கான்?" சேட் நிமிர்ந்து வண்டியின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். "காடிகா கான்?" வண்டிக்கும் காது உண்டா என்பது போல விழித்தார்.

"குத்துனது வலது" என்றது கீழிருந்து. "எடது சும்மா கெடக்கு." நட்டு கிறீச்சென்று கடைசிச் சுற்றை முடித்தது. "ஹோ கயா சேட். டைட்."

சேட் கைகளைத் தட்டிக்கொண்டு கதவுக்கு வந்தார். செல்லத்துரை இறங்க வேண்டியதுதான் பாக்கி. இறங்கவில்லை. வாயைத் திறக்காமல் இறங்கிவிட்டால் எல்லாம் அவன் நினைத்தபடி முடியும். அதுதான் இப்போது பயமாக இருந்தது.

"மாப்ள."

ஒரு மாதத்துக்கு மேல் கேட்காத வார்த்தை.

"மாப்ள, வெளிய வந்துராத. நட்டைத் தளத்து."

"எதுக்கு?"

"ரெண்டு விரல் கோணலாப் புடிச்சிட்டேன்."

"கை தவறியா?"

"இல்ல."

ஸ்பேனர் தரையில் விழுந்தது. சுடலை ஊர்ந்து வெளியே வந்தான். மூஞ்சியெல்லாம் கிரீஸ். ஸ்டியரிங்கைப் பார்த்தான். செல்லத்துரையைப் பார்த்தான். அடிப்பான் என்று செல்லத்துரை கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான்.

"எறங்கு" என்றான் சுடலை. "நீ படு கீழ."

சேட் எதற்கென்று கேட்டார். செல்லத்துரை அதற்குள் இறங்கிவிட்டான்.

சாக்கு சுடலையின் வேர்வையில் நனைந்திருந்தது. செல்லத்துரை மல்லாந்து படுத்து நட்டுகளைத் தளர்த்தி, ராடைத் திருகினான். ஒரு சொட்டு கிரீஸ் சரியாக மூக்கில் விழுந்தது. மேலே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. இப்போது இறுக்கப்போகிறவன் இவன். கோணினால் சேட் யாரைப் பிடிப்பார்?

"மாப்ள, நேராப் புடிச்சிருக்கியா?"

"நீ எப்படிப் புடிச்சியோ அப்படித்தான்."

செல்லத்துரை ஸ்பேனரை நட்டில் வைத்தபடியே கிடந்தான்.

"வார ஞாயித்துக்கெழம ஆசாரிய வரச் சொல்லுதேன்" என்றது மேலிருந்து குரல். "டாக்ஸியில வராத. எவனாவது கைய காட்டுனா கல்யாணுக்குப் போயிருவ. நடந்து வா."

அவன் நட்டை இறுக்கினான். இரண்டு பக்கமும், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

சேட் ஏறி, தெருமுனைவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். இருவரும் வாசலில் ஒரு கை இடைவெளி விட்டு நின்றார்கள். சேட் இறங்கும்போதே, "ஏக்தம் சீதா!" என்று சிரித்தார். ராத்திரி டிரைவருக்கு ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்க உள்ளே போனார்.

செல்லத்துரை ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்தான். முன்சக்கரங்கள் நேராக இருந்தன. ஸ்டியரிங் வலப்பக்கம் அரை விரல் தள்ளி நின்றது. சேட்டின் கண்ணுக்குத் தெரியாது. பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கிறவன் தோளுக்குத் தெரியும்.

சுடலை பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே மரத்திலிருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், ஏதும் கோணலாத் தெரியுதோ?"

செல்லத்துரை தலையை வெளியே எடுத்தான்.

"ஒண்ணும் தெரியல மாப்ள."