மணலுக்குக் கூலி

மழை பொய்த்துப்போன எண்பத்து மூன்றாம் வருடம். நாமக்கல் பக்கத்து டவுன் பஞ்சாயத்து ஒன்று, தன் புதுப் பஸ் ஸ்டாண்டின் நீளச் சுவரில் காவிரியை வரைய ஆள் தேடியது. காவிரி வேண்டும் என்றார்களே தவிர, எந்த மாதத்துக் காவிரி என்று ஒருவரும் சொல்லவில்லை. லாரி பாடி கட்டும் பட்டறையில் பின்பலகைக்கு மயிலும் தாமரையும் எழுதிக்கொண்டிருந்த சென்னியப்பனுக்கு அந்த வேலை கிடைத்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினார்கள். அவனும் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, சேலத்துக் கடையில் பெயிண்டைக் கடனுக்கு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான். வீட்டில் வேறு வரும்படி கிடையாது.

அவன் வரைந்தது கோடைக் காவிரி. தூரத்தில் அரைஞாண் கயிறு மாதிரி ஒரு நீரோட்டம். கரையில் பனைமரங்கள், கவிழ்த்துப் போட்ட பரிசல், குடத்தோடு போகும் பெண்கள், படுத்திருக்கும் மாடுகள். நடுவில் முழுக்க மணல். இரண்டு மூன்று கால்தடங்களைத் தவிர, அந்த மணலுக்கு அவன் பெயிண்டே தொடவில்லை. சுவரில் ஏற்கெனவே அடித்திருந்த சுண்ணாம்பையே மணலாக விட்டுவிட்டான். விட்டுவிட்டான் என்று சொல்வது சுலபம். அதற்காக மோகனூர் ஆற்றுக்குப் போய் உச்சிவெயிலில் மல்லாந்து கிடந்தவனுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. எந்த இடத்தில் ஒரு கால்தடம் வைத்தால் மீதி வெறும் சுவரெல்லாம் மணலாகும் என்று கண்டுபிடிப்பதற்குள் அவனுக்குப் பிராணன் போய் வந்தது.

படம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டின் சுபாவமே மாறிவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கிற சனம் பெஞ்சை விட்டுவிட்டு அந்தச் சுவரோரம் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. சத்தம் போட்டுப் பேசுகிறவர்கள் அங்கே போனதும் தணிந்து பேசினார்கள். கொய்யாப்பழம் விற்கும் மாரக்காள் கூடையை அங்கேதான் இறக்கினாள். திருச்செங்கோட்டுக்குப் போக வந்த ஒருவர் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்; அவர் கண்ணெதிரே பஸ் வந்தது, போனது, அவர் எழுந்திருக்கவே இல்லை. சென்னியப்பனுக்கே சில சமயம் சந்தேகம் வரும், இதை நாம் வரைந்தோமா, இல்லை எப்போதோ இங்கே கிடந்ததைத் தற்செயலாகப் பார்த்துவிட்டோமா என்று. அந்தச் சந்தேகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்தச் சந்தோஷத்துக்கு டேப் வைக்க வந்து சேர்ந்தார் பஞ்சாயத்து ஓவர்சியர் வேலுமணி. பனையை அளந்தார், பரிசலை அளந்தார், மாடுகளைத் தனித்தனியாக அளந்தார். மணலைத் தாண்டிப் போய் நீரோட்டத்தை அளந்தார். அளந்து முடித்து டேப்பைச் சுருட்டினார்.

"ஏனுங்க சார், நடுவால உட்டுட்டீங்களே?" என்றான் சென்னியப்பன்.

"அங்க என்ன இருக்குது? வெறுஞ் செவுரு. சுண்ணாம்படிச்ச காண்ட்ராக்டருக்கு அப்பவே பில்லு போட்டாச்சு. ஒரே செவுத்துக்கு ரெண்டு பில்லுன்னா ஆடிட்டுல என்னையத்தான் கேப்பாங்க."

"ஆத்துல தண்ணியில்லீங்கறதுக்காவ ஆறே இல்லீன்னு சொல்லலாமுங்களா?"

வேலுமணி கெட்டவர் அல்ல. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். "மணலு மேல நீலத்தை அடிச்சு உடு, சென்னியப்பா. தண்ணி வந்த மாதிரி இருக்கும். செவுரு பூராத்துக்கும் போட்டுத் தாரேன்."

பெயிண்ட் கலக்கிக் கொடுக்கக் கூடவே வந்திருந்த அவன் மனைவி ராசாத்தி பக்கத்தில்தான் நின்றாள். பெயிண்ட் கடைக்காரர் ஆள் அனுப்பிவிட்டிருந்தார். மாட்டையும் பனையையும் மட்டும் அளந்து கிடைக்கிற காசு அந்தக் கடனுக்கே காணாது.

"அடிச்சுருங்க," என்றாள் அவள். "கடங்காரனுக்கு மணலு தெரியாதுங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சென்னியப்பன் நீலத்தைக் கலக்கினான். சொந்தப் பிள்ளைக்கு மொட்டையடிப்பது போல இருந்தால்கூடப் பரவாயில்லை, முடி திரும்ப முளைக்கும். பட்டைப் பிரஷ்ஷைத் தோய்த்து, தூரத்து நீரோட்டத்தில் வைத்து, மெதுவாகக் கீழே இழுத்தான். ஓடை அகன்றது. இன்னொரு இழுப்பு. தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கால்தடங்களை நோக்கி வந்தது.

அப்போது பின்னால் ஏதோ அரவம். திரும்பிப் பார்த்தான்.

சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் எழச் சொல்லவில்லை. தூக்கம் கலையாதவர்கள் போல, ஆளுக்கொரு மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுவரிலேயே வைத்தபடி பின்வாங்கினார்கள். ஒருத்தி சேலையைக் கெண்டைக்காலுக்கு மேலே ஏற்றிப் பிடித்தாள். மாரக்காள் கூடையைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"தண்ணி தொறந்து உட்டுட்டாங்களா, சாமி?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

ஓவர்சியர் வேலுமணி எங்கே என்று பார்த்தால், அவர் டைம் கீப்பர் ஆபீஸ் படியில் ஏறி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் டேப். இன்னொரு கை பேண்ட்டை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்திருந்தது.

பிரஷ் அந்தரத்தில் நின்றது. சென்னியப்பன் மெதுவாகக் கேட்டான்.

"ஏனுங்க சார், எதுல இருந்துங்க ஏறிப் போனீங்க?"

வேலுமணி குனிந்து தன் கையையும் காலையும் பார்த்தார். அவருக்கே தெரியாமல் நடந்திருந்தது அது. பேண்ட்டை விட்டார். படியிறங்கினார். சிரிப்பு வந்த சிலர் அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். நேரே வந்து, சுவரின் மூலையில் டேப்பை வைத்து அழுத்தி, மறுமுனையை ராசாத்தியிடம் நீட்டினார்.

"புடிம்மா. அந்த மூலை வரைக்கும் போ."

"நீலம் அடிக்காமயேவா சார்?" என்றாள் அவள்.

"அடிச்ச வரைக்கும் தொடச்சு எடுங்க, காயறதுக்குள்ள."

அவள் சுவரோடு கடைசி வரை நடந்து போய்ப் பிடித்தாள். வேலுமணி பேனாவைத் திறந்தார். சென்னியப்பனுக்கு இன்னும் பயம் போகவில்லை.

"ஆடிட்டுல கேட்டா என்னங்க சார் சொல்லுவீங்க?"

"மணலுன்னே எழுதறேன். கேக்கறவன் இங்க வந்து நின்னு பாக்கட்டும்."

சென்னியப்பன் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து நீலத்தைத் துடைக்கத் திரும்பினான். அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. எத்தனையோ மயிலுக்குக் கூலி வாங்கியிருக்கிறான். வரையாமல் விட்டதற்கு ஒருவர் கூலி எழுதி அன்றைக்குத்தான் பார்த்தான்.