கோகிலா கலந்த நிறம்

சங்கரன்கோவிலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு லட்சம் பேரை ஒரே சந்தைக்குள் ஏற்றி, ஓர் உலகத்துக்கே வெயில் வரவழைத்தவன் நான். கரிவலம்வந்தநல்லூர் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதெல்லாம் இடதுகை வேலை. என் பஸ்ஸில் ஜன்னல் கம்பிக்கு நடுவிலும் ஆள் நிற்கும்.

அந்த உலகம் போனுக்குள் இருந்தது. ஊர் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டு. நானும் பக்கத்து வீட்டுக் கோகிலாவும் ஒரே அணி. அதில் தனக்கென வைத்த பொம்மைக்குச் சேலை கட்டி, அதற்கு நிறத்தையும் அவளே கலந்தாள். போன தையில் ராஜபாளையம் ரோட்டில் லாரி அடித்துப் போய்விட்டாள். பொம்மை மட்டும் விளையாட்டுச் சந்தையில் நின்றது.

கல்யாணமாகாமல் போன பெண்ணைக் கன்னியாக நினைத்து வருசந்தோறும் புதுச்சேலை படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் அப்பா பேச்சிராஜா தறிக்காரர். மகள் கலந்த நிறத்திலேயே முதல் சேலையை நெய்வேன் என்று நின்றார்.

அந்த நேரம் பார்த்து விளையாட்டுக் கம்பெனிக்காரன் எல்லா நிறத்தையும் மாற்றும் பில்டரைப் போட்டான். வானம், மாடு, மனிதர் எல்லாம் கடுங்காப்பியில் முக்கியெடுத்தது போல் ஆயிற்று. அணைக்க வழியில்லை. ஆடுகிற அத்தனை பேரும் வைதார்கள். நான் வைததில் கம்பெனிக் கட்டடம் ஓரடி சாய்ந்திருக்கும். ‘இதுதான் அழகு’ என்று பதில் வந்தது.

“நீரு பாத்திருப்பீரே அண்ணாச்சி, என்ன நிறம்?” என்றார் பேச்சிராஜா.

“எனக்கு நீலமும் பச்சையும் ஒண்ணுதான் மக்கா.”

“எங்கிட்டயும் காட்டுனா. தறிச் சத்தத்துல பாக்காமலே நல்லாருக்குன்னுட்டேன்.”

என் போனை வாங்கிக்கொண்டு நடுத்தெருவுக்குப் போனார் பேச்சிராஜா. நூல் சிட்டத்தை வெயிலில் பிடித்து நிறம் பார்ப்பவர், போனையும் அப்படியே சாய்த்துச் சாய்த்துப் பிடித்தார். கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது.

அந்தச் சந்தையில் கூட்டம் நெரிந்தால் பில்டர் ஒரு நொடி நழுவுகிறது என்று யாரோ எழுதியிருந்தார்கள். கூட்டம் கூட்டினால் கணக்கை முடக்குவோம் என்று கம்பெனியும் எழுதியிருந்தது.

“ஒரே அணிங்கதால கோகிலா கணக்கும் போயிரும்வே. அந்தப் பொம்மையும் இருக்காது,” என்றேன்.

பேச்சிராஜா போனை என் கையில் திருப்பி வைத்தார். “கூட்டும்,” என்றார்.

நிறம் பார்த்துச் சொல்லச் சாயப்பட்டறைத் தாவூதை வரச் சொன்னோம். “இவரு பேச்சை நம்பி வேலையப் போட்டுட்டு வந்தேன் பாரு,” என்று திட்டிக்கொண்டே போன் முன்னால் குந்தினார். நான் மைக்கைத் திறந்தேன். “உள்ள போ! உள்ள போ! பிள்ளத்தாச்சிக்கு வழி விடு!” மொழி தெரியாதவனெல்லாம் முண்டியடித்து வந்தான். சந்தை பிதுங்கியது. காப்பி நிறம் கிழிந்து, வெயில் அடித்தது. கோகிலாவின் பொம்மை சேலையோடு நின்றது. பேச்சிராஜாவுக்குக் கண்ணீர் மறைத்து எதுவும் தெரியவில்லை.

அப்புறம் திரை கறுத்தது. கோகிலா கணக்கு முடங்கியது. என்னுடையதும்தான், அது கிடக்கட்டும்.

படையலன்று பேச்சிராஜா நெய்த கத்தரிப்பூ நிறச் சேலையைத் தொடாமலே நின்றாள் கோகிலாவின் அம்மா வள்ளித்தாய்.

“நெசமா இதுதான் எம்பிள்ள நிறமா? இல்ல, அண்ணாச்சி விட்ட கதையா?”

நான் வாயைத் திறக்குமுன் எல்லோரும் தாவூதைப் பார்த்தார்கள். என்னை ஆயுசு முழுக்க நம்பாத மனுஷர்.

“இவரு சொல்லுததுல பாதிக்கு மேல பொய்யி, தங்கச்சி,” என்றார். “ஆனா அது நடந்துச்சு. நான் பாத்தேன்.”