முதலாளிக்கு வந்த கெட்டதும் மேஜை இறால்களும்

கிட்யிங்கின் மேஜைமேல் இருந்த கண்ணாடிப் பெட்டி சாப்பாட்டுப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதில் ஒரு தங்கமீன் இருந்தாக வேண்டும் என்பது முதலாளி ஸேத்தோவின் கட்டளை. வாசலைப் பார்த்த மேஜை அவளுடையது. கெட்டது எது உள்ளே வந்தாலும் முதலில் மீன்மேல் மோதட்டும் என்று ஃபெங் சுயி என்னும் சீன வாஸ்து பார்க்கும் ஜோசியர் சொல்லியிருந்தார்.

மீனும் சொன்ன சொல் தவறாமல் செத்தது. ஒன்று போனால் இன்னொன்று. அதில் முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, எனக்கு வந்ததை அது வாங்கிக்கிச்சு!" என்று தொடையைத் தட்டுவார். மிதப்பதை அள்ளிப் போடுவதும், மீன் தெருவுக்கு ஓடி அடுத்ததை வாங்கி வருவதும் கிட்யிங்கின் பாடு. பொத்தான் ஏற்றுமதிக் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தவள் மீன்களுக்குப் பாடை கட்டிக்கொண்டிருந்தாள்.

வருஷக் கடைசியில் இன்னொன்று மிதந்தது. மோக் அக்காவின் கடைக்குப் போனாள். சுவர் முழுக்கத் தண்ணீர்ப் பைகள் தொங்கின, பைக்குள் மீன்கள்.

"வா பொண்ணே, வழக்கமானதுதானே?" மோக் அக்கா கொக்கியிலிருந்து ஒரு பையைக் கழற்றினாள்.

"வேணாங்க்கா. அந்தப் பெட்டியில உசுரோட இருக்கற மாதிரி எதாவது குடு."

"அப்புறம் நீ எப்பத் திரும்பி வருவே? என் பொழப்புல மண்ணைப் போடவா வந்தே?"

"சண்டைமீன் சரிப்படுமா?"

"அது வெதுவெதுப்பு கேக்கற துரை. உங்க கடை ஏசியில வெறைச்சிடும்."

"அந்த நீலக்கோடு?"

"அது கூட்டமா ஓடித் திரியற சாதி. உன் பெட்டியில மூக்கை இடிச்சுக்கவே நேரம் சரியாப் போயிடும்."

"அப்ப தங்கமீன் மட்டும் எப்படி இருந்துச்சாம்?"

"எங்க இருந்துச்சு? செத்துச்சுல்ல!" கூச்சமே இல்லாமல் சிரித்தாள் மோக் அக்கா. சிரித்து முடித்ததும் பையைத் திரும்பக் கொக்கியில் மாட்டினாள். "சிவப்பு இறால் எடுத்துக்க. உன் சுண்டு விரல்ல பாதி வளர்ந்தா அதிகம். குளிரு தாங்கும். கண்ணாடியில படியற பாசியை மேய ஒத்தை நத்தை. அதுக்கு மேல ஒண்ணு சேத்தாலும் நெரிசல்தான். ஆனா உங்காளு விடுவானா? வேலைக்கே உலை வெச்சுக்காதே."

"விடாட்டிப் போறான்."

கடைக்குத் திரும்பி, பெட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பைக்குள் விட்டு இறால்களைப் பழக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து நின்றார்.

"மீன் எங்கே?"

"இனிமே இதுல மீன் கிடையாது முதலாளி."

"சிவப்பா இருக்கணும்னாரே ஜோசியர்!"

"இதுங்களும் சிவப்புதான்."

"இறாலு நான் திங்கறது, கிட்யிங்! எனக்கு வர்ற கெட்டதை இது எப்படித் தாங்கும்?"

"எதுக்குத் தாங்கணும்? உங்களுக்கு வர்றதை நீங்களே வாங்கிக்குங்க."

பொத்தான் எண்ணிக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு இதுல மீன் இல்லேன்னா நீயும் இல்லை."

"மீன் வேணும்னா உங்க மேஜையில பெரிய தொட்டியா வைங்க. செத்தா நீங்களே அள்ளுங்க."

மறுநாளும் பெட்டியில் மீன் இல்லை. இறால்கள் பாசியை இரண்டு கையாலும் வாரி வாரித் தின்றுகொண்டிருந்தன. முதலாளி பார்த்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனார். அன்று மாலை வருஷக் கடைசி விருந்து.

போகச் சொல்ல வாய் கூசும் இந்த ஊர் முதலாளிகள் அந்த விருந்தில் கோழியை வைத்துச் சொல்லிவிடுவார்கள். தட்டில் வெட்டி அடுக்கிய கோழியின் தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்குச் சீட்டுக் கிழிந்தது. நல்ல மனசுக்காரர்கள் தலையைத் தங்கள் பக்கமே திருப்பிக்கொள்வார்கள். ஸேத்தோ ஒற்றை விரலால் மேஜையின் சுழல்தட்டைத் தள்ளினார். தலை ஒவ்வொருவராகத் தாண்டி வந்து கிட்யிங்கின் எதிரே நின்றது. மற்றவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

கிட்யிங் சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்தாள். தலையை அப்படியே கவ்வி எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். எலும்பு நொறுங்கும் சத்தம் மேஜை முழுக்கக் கேட்டது. சாவகாசமாக மென்று, அலகை மட்டும் துப்பித் தட்டோரத்தில் வைத்தாள்.

"நல்லா வெந்திருக்கு. எதாவது சொல்லணும்னா வாயாலயே சொல்லுங்க முதலாளி."

தட்டில் கிடந்த முண்டக் கோழிக்கு இப்போது பார்க்க ஆளில்லை. எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

ஸேத்தோ வாயைத் திறந்தார். ஒரு துண்டு இறைச்சியைப் போட்டு மூடிக்கொண்டார்.