ரெஜினா அக்காவின் டப்பா

ரெஜினா அக்காவின் எவர்சில்வர் டப்பா பாயசத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. அதனால் மூன்று நாளாக அக்காவால் தன் வாசலைத் தாண்ட முடியவில்லை. எங்கள் தெருவில் பாத்திரம் வெளியே போனால் ஆள் உள்ளேதான்.

திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது. சீனி போட்டோம். மூடித் திறந்தால் இல்லை. முறுக்கு போட்டோம். இல்லை. அப்பாவின் நாற்காலியை மடக்கிப் போட்டோம். டப்பா சின்னதாக ஏப்பம் விட்டது.

பக்கத்து ஜன்னலில் அக்கா நின்றார். கழுத்தில் புது விசில்.

"ஏ பிலோ, நாலு மணிக்குள்ள நான் கண்டக்டர் வேலையில சேரணும். இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

"எது போட்டாலும் தின்னுருதுக்கா."

"என் வீட்டுல அது தீனிக்கு அப்படிப் பறக்காதே. நீங்க பட்டினி போட்டிருப்பீங்க."

டப்பாவைத் தூக்கிக்கொண்டு பாத்திர அலுவலகத்துக்கு ஓடினேன். ஓட ஓட நடைபாதை நீண்டது. மெதுவாக நடந்தேன். அதற்குச் சலித்துப்போய்ச் சுருங்கிவிட்டது.

"காலியா?" என்றார் குமாஸ்தா.

"காலி சார்."

ஒரு படிவம் நீட்டினார். அதில் ஒரே வரி: உள்ளே இருப்பவர் பெயர்.

"பொருள் பேர் எழுத இடம் இல்லையே சார்?"

"பொருளத் தின்னுரும். ஆளத் தின்னாது. மரியாதை தெரிஞ்ச டப்பா."

என் பெயரை எழுதினேன். முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றே முக்கால். டப்பாவுக்குள் முதலில் கால்களை விட்டேன். இடுப்பு கொஞ்சம் இடித்தது.

"தலையக் குனிடி, மூடி உட்கார மாட்டேங்குது," என்றாள் அம்மா.

உள்ளே ஏலக்காய் வாசனை. யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா சுவருக்கு மேலாக டப்பாவைக் கொடுத்தாள். அக்கா திறந்தார்.

"எதுக்கு இவ்வளவு?" என்று என்னை வெளியே எடுத்து வைத்தார். ஒரே தாவலில் வாசலைத் தாண்டினார். விசில் ஊதினார். பஸ் தெருவுக்குள் வந்து நின்றது. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

படியில் கால் வைத்தவர் திரும்பி ஓடி வந்தார்.

"ஐயோ, புள்ளைய வெறுமன எப்படி அனுப்புறது?"

என் உச்சந்தலையைத் திருகித் திறந்தார். இரண்டு கரண்டி கேசரி போட்டார். இறுக மூடினார். ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

"ரைட், போலாம்!"

சரியாக நாலு மணிக்கு பஸ் கிளம்பியது.

நான் வீட்டுக்குப் போனேன். அம்மா என் தலையைத் திறந்து பார்த்தாள்.

"பரவாயில்லையே," என்றாள். "முந்திரி போட்டிருக்கா."