ஒரு தடவைதான் அழுத்தினேன்

இப்போதெல்லாம் எது கெட்டுப்போனாலும் முதலில் ஆளைத்தான் பார்க்கிறார்கள். பொருளை ஒருத்தரும் பார்ப்பதில்லை. மிஷினுக்கும் வயசாகும் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கு அறுபத்தேழு என்பது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

கம்பெனி வாசலில் லாரிகளை உள்ளே விடும் கூண்டில் எனக்கு வேலை. ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர். திரையின் நடுவில் பச்சையாக ஒரு கட்டம் இருக்கும். மவுஸை அதன்மேல் கொண்டுபோய் ஒரு தடவை அழுத்தினால் வாசலில் குறுக்கே கிடக்கிற கம்பம் மேலே போகும். போன கையோடு அதே கட்டம் சிவப்பாகிவிடும். இன்னொரு தடவை அழுத்தினால் கம்பம் கீழே வரும். நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவன். இதற்கு அது போதும்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் அந்த மவுஸுக்குப் பேய் பிடித்தது. நான் ஒரு தடவை அழுத்தினால் அது இரண்டு தடவை என்று எடுத்துக்கொள்ளும். கம்பம் பாதி தூரம் எழும்பி, ஏதோ மறந்துவிட்ட மாதிரி திரும்பி இறங்கும். சூப்பர்வைசர் மேடத்திடம் சொன்னேன். "மெதுவா அழுத்துங்கய்யா" என்றார். மெதுவாக அழுத்தினால் இன்னும் மோசம். கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அழுத்தின அதே நொடியில் மவுஸை வெடுக்கென்று வலதுபக்கம் இழுத்துவிடுவேன். இரண்டாவது விழுந்தால் வெற்றுத் திரையில் விழட்டும். பெரும்பாலும் தப்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

போன புதன்கிழமை தப்பிக்கவில்லை. கம்பம் தண்ணீர் லாரியின் முன்கண்ணாடியில் இறங்கிவிட்டது. டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடித்தூளைத் தலையிலிருந்து தட்டிக்கொண்டே கூண்டுக்கு வந்தான். "என்ன பெரியவரே, என் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க அவ்வளவு ஆசையா? கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, ஒண்ணுமில்லன்னு!"

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டு வீடியோ போட்டுக் காட்டினார். கூண்டுக்குள் கேமரா இருப்பது தெரியும். அது என்னைத்தான் பார்க்கிறது என்று தெரியாது. மேலேயிருந்து என் வழுக்கை, அதற்குக் கீழே என் கை. கை மீன் மாதிரி துள்ளுகிறது. ஒரு லாரிக்கு ஒரு துள்ளல். பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

"கை நடுங்குதேய்யா."

"நடுங்கல மேடம். இழுக்கறேன்."

எதற்கு இழுக்கிறேன் என்று விலாவாரியாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். நான் சொன்னது ஒரு பக்கம் வரும்; அவர் எழுதினது ஒரு வரி.

மகனுக்கு விஷயம் தெரிந்ததும், "நல்லதாப் போச்சுப்பா, பேசாம வீட்ல இருங்க" என்றான். அவன் வீட்டில் இருக்கிறதே ஒரு ஹால். மருமகள் அங்கேதான் காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கிறாள். அவள் பேசும்போது நான் இருமக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை இருமிக்கொள்ளலாம். கூண்டை விட்டால் மிச்ச ஆறு நாளும் எனக்கு அந்த ஹால்தான்.

இன்றைக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வந்தார். எத்தனை தடவை அழுத்துகிறோம் என்று எண்ணிக் காட்டுகிற ஏதோ ஒன்றைத் திரையில் போட்டார். அவர் அழுத்தினார், டக் டக்கென்று, ஐம்பது தடவை. ஐம்பதும் ஒற்றை. நான் உட்கார்ந்தேன். மூன்றாவதே இரட்டை. கண்ணாடி மாற்றின லாரியோடு வந்திருந்த டிரைவர் ஜன்னலில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். "பெரியவருக்கு எல்லாமே டபுளா வேணும்" என்றான்.

ரிப்பேர்காரர் ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினார். செட்டிங்கில் போய் எதையோ நகர்த்தினார். மவுஸைத் தலைகீழாகப் பிடித்து ஊதினார். ஒன்றும் மாறவில்லை. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். ரிப்பேர்காரர் பையை மூடப்போனார்.

"தம்பி, ஆணி அடிக்கற மாதிரி அடிக்காதீங்க. பக்கத்துல குழந்தை தூங்குதுன்னு நெனச்சுக்கிட்டு அழுத்துங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் அழுத்தினார். ஏழு, எட்டு, ஒன்பது. பதினொன்றாவது இரட்டை. சிரிப்பு நின்றது. பதினாலாவதும் இரட்டை.

"மவுஸ்லதான் மேடம் கோளாறு. உள்ள சின்னதா ஒரு தகடு இருக்கும். அது தேஞ்சுபோச்சு. பதமா அழுத்தினா துள்ளித் துள்ளித் தட்டுது. ஐயா இழுத்ததெல்லாம் வீண். அவர் இழுக்கறதுக்குள்ள ரெண்டாவது விழுந்துடும்."

வீண் என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாசமாக இழுத்துத்தான் லாரிகளை விட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு இப்போது சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன். அவர் பையிலிருந்து புது மவுஸை எடுத்து மாட்டினார். நான் அழுத்தினேன், அறுபது தடவை. அறுபதும் ஒற்றை. மேடத்தைப் பார்த்தேன்.

"சரிங்கய்யா, மவுஸ்தான். ஆனா வீடியோ மேல போயிடுச்சு."

மேலே யார் இருக்கிறார்கள் என்று பத்தொன்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

"திரும்ப வாங்கிடுங்க மேடம்."

"அது திரும்பாதுங்கய்யா. கை நடுங்கலன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் ஸ்டோர்ல இருக்கறவர் உட்காரட்டும்."

"டாக்டர் எதுக்கு? கை இங்கதானே இருக்கு. இதோ, நீங்களே பாருங்க."

இரண்டு கையையும் நீட்டினேன். இடது கை மேசை மாதிரி நின்றது. வலது கை நிற்கவில்லை.

ஜன்னலில் இருந்த டிரைவர் சட்டென்று திரும்பித் தன் லாரியின் டயரைப் பார்க்க ஆரம்பித்தான். அதற்கு அவன் ஏதாவது கிண்டலே அடித்திருக்கலாம்.

"கோபத்துல வர்றது" என்றேன்.

"ஆமாங்கய்யா, கோபத்துலதான்" என்றார் மேடம். அவர் என்னிடம் இவ்வளவு தன்மையாகப் பேசியதே இல்லை.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். டாக்டரிடம் நான் எதற்குப் போக வேண்டும்? அவர் மவுஸைப் பார்க்கமாட்டார், என்னைத்தான் பார்ப்பார். ரோட்டோரமாக நடந்தேன். காலி டப்பாவுக்குள் கரண்டி விடாமல் கிடுகிடுத்தது. டப்பா வலது கையில்தான் இருந்தது. நடந்தால் எந்தக் கரண்டியும் சத்தம் போடும். நின்றால் ஓய்ந்துவிடும். நான் நிற்கவில்லை.