சூடு படாத தட்டுகள்

ஆய்வகத்தில் செல் வளர்க்கும் இன்குபேட்டரைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக், அதன் தலைமேல் வெறுங்கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"என்ன மேடம், மேல முட்டை வெச்சா குஞ்சு பொரிச்சிடும் போலிருக்கே. உள்ள ரப்பர் போய் ஹீட்டர் சூடு நேரா மேல ஏறுது. போய் நாலஞ்சு வருஷமாவது ஆயிருக்கும்."

ஆய்வாளருக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே வெப்பமானியை வைத்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டு டிகிரி.

விஷயம் இதுதான். தட்டில் வளரும் இதயச் செல்களை அரை மணி நேரம் நாற்பத்திரண்டு டிகிரியில் வைத்தால், அவை மிரண்டுபோய் ஒரு காவல் புரதத்தை உண்டாக்கிக்கொள்ளும். மறுநாள் பிராணவாயுவை நிறுத்தினாலும், உருக்குலைகிற மற்ற புரதங்களை அது தாங்கிப் பிடித்து நிமிர்த்திவிடும். செல் பிழைக்கும். சூடு படாத தட்டுகளில் பாதி செல்கள் செத்துப்போகும். இதை இந்த ஆய்வகத்தில் முதலில் காட்டியவள், எல்லோரும் சிட்டு என்று கூப்பிட்ட ஜூனியர்.

மூன்று வருடத்துக்கு முன் அதைச் சரிபார்க்கும் வேலை இந்த ஆய்வாளரிடம் வந்தது. இவளோ ஒழுங்கு என்றால் உயிரை விடுகிறவள். சிட்டு சூடு படாத தட்டுகளை இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு டிகிரியில் இருந்த இடத்திலேயே விட்டிருந்தாள். சூடு காட்ட ஒரு தட்டை வெளியே எடுத்தால் மற்றதையும் எடுக்க வேண்டாமா? இவள் எடுத்தாள். யார் முழங்கையும் இடிக்காத இடமாகப் பார்த்து, இன்குபேட்டரின் தலைமேல் அடுக்கினாள். கையில் இரட்டை உறை. சூடு எங்கே தெரியப்போகிறது?

இரண்டு பக்கமும் ஒரேமாதிரி பிழைத்தன. காவல் புரதமாவது மண்ணாவது, சூடு படாததும்தான் பிழைக்கிறதே என்று முடிவு கட்டினாள். வாராந்திரக் கூட்டத்தில் பதினொரு பேர் முன்னால், "சிட்டு கவனிக்காம செல்லைச் சாக விட்டிருக்கா, அவ்வளவுதான்" என்று போட்டு உடைத்தாள். அடுத்த மாதமே சிட்டு வேலையை விட்டுப் போனாள். அதற்கப்புறம் மூன்று வருடம் இவள் நிம்மதியாகத் தூங்கினாள். அதுதான் கொடுமை.

மெக்கானிக் போனதும் ஃப்ரீசரைக் குடைந்தாள். அன்றைய சூடு பட்ட, சூடு படாத செல்களின் மிச்சம் தனித்தனிச் சின்னக் குழாய்களில் கிடந்தது. சூடு படாததில் காவல் புரதம் இருக்கிறதா என்று அவள் சோதித்ததே இல்லை. அதில் போய் எதைப் பார்ப்பது என்கிற மிதப்பு.

மறுநாள் மதியம் சோதனைப் படம் கைக்கு வந்தது. புரதம் இருக்கும் இடத்தில் கறுப்புப் பட்டை விழும். இரண்டு பக்கமும் ஒரே தடிமனில் விழுந்திருந்தது. சிட்டுவுக்குப் போன் போட்டாள்.

"உன் மேல தப்பே இல்ல சிட்டு. நான்தான் ரெண்டு பக்கத்துக்கும் சூடு காட்டியிருக்கேன்."

"எங்க கவனிக்காம விட்டேன்னு மூணு வருஷமா யோசிச்சேன்க்கா," என்றாள் சிட்டு. "கடைசில நீங்க சொன்னதுதான் சரின்னு நானே நம்பிட்டேன்."

"என்னை மன்னிச்சிடும்மா."

"எங்கிட்ட சொல்லி என்னக்கா ஆகப்போகுது? அன்னிக்கு யாருகிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க."

பக்கத்து அறையில் அந்த வாரக் கூட்டம் தொடங்கியிருந்தது. போனைத் துண்டிக்காமலே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். படத்தையும் போனையும் மேசை நடுவில் வைத்தாள்.

"சிட்டு கேட்டுக்கிட்டிருக்கா," என்றாள். "நான் சொன்னது தப்பு."